அச்செபே குடுத்த பதில்: "திங்ஸ் ஃபால் அபார்ட்" நாவலை எப்படி வாசிக்கிறது, ஒரு முழு வழிகாட்டி

நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபேவோட "திங்ஸ் ஃபால் அபார்ட்" நாவலை நிறைய பேர் காலேஜ் சிலபஸ்ல படிச்சிருப்பீங்க, இல்லன்னா என்.கே. மகாலிங்கம் தமிழ்ல கொண்டுவந்த "சிதைவுகள்" வழியா படிச்சிருப்பீங்க. படிச்சவங்க கிட்ட கேட்டா பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: வெள்ளைக்காரன் வந்தான், பழைய வாழ்க்கை அழிஞ்சுது, கதாநாயகன் ஒகொன்க்வோ தூக்கு மாட்டிக்கிட்டான். கதை அதுதான், தப்பே இல்ல. ஆனா அதோட மூடி வச்சுட்டா நாவல்ல பாதி கைநழுவிப் போயிடும், ஏன்னா இது தனியா பொறந்த கதை இல்ல, பல வருஷமா நைஜீரியாவோட இக்போ ஜனங்களைப் பத்தியும் மொத்தமா ஆப்பிரிக்காவைப் பத்தியும் வெளியாளுங்க எழுதி வச்சதுக்கு 27 வயசு இளைஞர் ஒருத்தர் 1958ல குடுத்த பதில். பதிலை மட்டும் கேட்டா பாதிதான் புரியும், கேள்வியும் தெரியணும். அதனாலதான் இந்த வழிகாட்டி. முடிவு, திருப்பம் எல்லாம் வெளிப்படையா பேசப்போறேன், இன்னும் படிக்காதவங்க நாவலை முடிச்சுட்டு வாங்க, 200 பக்கம்தான்.

படி 1: யாருக்கு பதில் சொல்றாருன்னு தெரிஞ்சுக்கங்க

சினுவா அச்செபே 1930 நவம்பர் 16ல பொறந்தவர், வளர்ந்தது கிழக்கு நைஜீரியாவுல ஒகிடிங்கிற ஊர்ல. அப்பா இசாயா சர்ச் மிஷனரி சொசைட்டியில உபதேசியார், ஊர் ஊரா போய் மதம் சொல்லிக் குடுத்தவர். அதாவது நாவல்ல சர்ச்சுக்கு போற தலைமுறை இருக்கே, அது இவரோட சொந்த அப்பா தலைமுறை. அப்பாவை வளர்த்த சொந்தக்காரப் பெரியவர் உடோ ஒசின்யி பத்தி அச்செபே ஒரு விஷயம் சொல்லியிருக்கார். முதல்ல வந்த மிஷனரிங்களை தன் வீட்டு வளாகத்துல தங்க விட்டாராம், கொஞ்ச நாள்ல வேற இடம் பாத்துக்கங்கன்னு அனுப்பிட்டாராம். மதம் பிடிக்காம இல்ல, அவங்க பாட்டு ரொம்ப சோகமா இருந்துச்சு, அக்கம்பக்கத்துல இவரு செத்துட்டாருன்னு நினைச்சுடுவாங்கன்னு! இந்தக் கதையை மனசுல வச்சுக்கங்க, வந்தவனைப் பாத்து பயப்படவும் இல்ல கும்பிடவும் இல்ல, அவன் பாட்டைக் கேட்டுட்டு தன் கருத்தைச் சொன்ன மனுஷன். நாவல் முழுக்க இப்படிப்பட்ட ஆளுங்கதான் வருவாங்க.

சின்ன வயசுல ஸ்கூல்ல ஆப்பிரிக்கா சாகசக் கதைங்க படிச்சப்போ தன்னை அறியாமலே வெள்ளைக்கார ஹீரோ பக்கம் நின்னு காட்டுமிராண்டிகளை வெறுத்தேன்னு அவரே பின்னாடி எழுதியிருக்கார். அந்தக் காட்டுமிராண்டி தானேதான்னு உறைச்சது பெரியவனானதுக்கு அப்புறம்தான். எனக்கு இதுதான் இந்த மொத்த விஷயத்துலயும் ரொம்ப வலிக்கிற இடம்.

1948ல இபாதான் யுனிவர்சிட்டி காலேஜ்ல மெடிசின் படிக்க சேர்ந்தார், சீக்கிரமே அதை விட்டுட்டு இங்கிலீஷ், ஹிஸ்டரி, மதம் பக்கம் மாறினார். அங்க பாடத்துல வந்த நாவல்தான் ஜாய்ஸ் கேரி எழுதுன "மிஸ்டர் ஜான்சன்". 1939ல வந்தது. கேரி வடக்கு நைஜீரியாவுல பிரிட்டிஷ் அதிகாரியா இருந்தவர், அதனால நாட்டைத் தெரிஞ்சவர்னு பேரு. அவரோட ஜான்சன் சிரிச்சுக்கிட்டே திரியிற, கணக்கு வழக்கு இல்லாத, வெள்ளைக்கார துரை மேல நாய்க்குட்டி மாதிரி பாசம் வச்சிருக்கிற குமாஸ்தா, கடைசியில கொலைக் குத்தத்துல மாட்டி, தூக்குல போடாம நீங்களே சுட்டுடுங்கன்னு அந்த துரை கிட்டயே கெஞ்சுறான், அவரும் சுடுறார். டைம் பத்திரிகை ஆப்பிரிக்காவைப் பத்தி வந்ததுலயே சிறந்த புத்தகம்னு பாராட்டுன நாவல். ஆனா வகுப்புல ஒரு மாணவர் எழுந்து, இந்தப் புத்தகத்துல எனக்கு சந்தோஷமா இருந்த ஒரே இடம் ஜான்சனை சுட்டுக் கொன்ன இடம்தான்னு சொல்லிட்டாராம். வெள்ளைக்கார வாத்தியாருக்கு அதிர்ச்சி. உள்ளூர்க்காரன் கதையை உள்ளூர்க்காரன்தான் சொல்லணும்ங்கிற எண்ணம் அச்செபேவுக்கு உறுதிப்பட்டது அங்கதான்.

ரெண்டாவது ஆள் ஜோசஃப் கான்ராட், 1899ல பத்திரிகையில தொடரா வந்த "ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்". அது காங்கோ ஆத்துல நடக்கிற கதை, இக்போ நாட்டுக்கு சம்பந்தம் இல்ல, ஆனா அதுல ஆப்பிரிக்கர்கள் கையும் காலும் கத்தலுமா மட்டும் வர்றாங்க, வாயைத் திறந்து வார்த்தையா பேசுற இடம் ஒண்ணு ரெண்டுதான். மூணாவதா அதிகாரிங்களும் மிஷனரிங்களும் எழுதுன இனவரைவியல் புத்தகங்க. ஒனிட்சா பக்கத்துல பல வருஷம் இருந்த ஜி.டி. பாஸ்டன் 1921ல "அமங் தி இபோஸ் ஆஃப் நைஜீரியா" எழுதினார். தகவல் நிறைய இருக்கும், அக்கறையும் இருக்கும், ஆனா சொல்ற குரல் எப்பவும் வெளியில நின்னு பாக்குற குரல். இந்த மூணு வகையும் நாவல்ல எப்படி திரும்பி வருதுன்னுதான் பாக்கப்போறோம்.

படி 2: முதல் 13 அத்தியாயத்துல அவசரப்படாதீங்க

நாவல் மொத்தம் 25 அத்தியாயம், மூணு பாகம். முதல் பாகம் மட்டும் 13. இங்கதான் நிறைய பேர் சோர்ந்து போறாங்க, யாம் நடுறாங்க, மல்யுத்தம் பாக்குறாங்க, கல்யாணப் பேச்சு நடக்குது, கதை எப்ப ஆரம்பிக்கும்னு கேக்குறாங்க. நானும் முதல் தடவை அப்படித்தான் தள்ளித் தள்ளிப் படிச்சேன், ரெண்டாம் தடவைதான் புரிஞ்சுது, வெள்ளைக்காரன் வந்தாதான் கதைன்னு நான் எதிர்பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன், அந்த எதிர்பார்ப்பைத்தான் அச்செபே உடைக்கிறார். பாதிப் புத்தகத்துக்கு மேல வெள்ளைக்காரனே கிடையாது. கதை நடக்கிற ஊர் உமுவோஃபியா அவன் இல்லாம முழுசா இயங்குது. எட்டாவது அத்தியாயத்துல ஒரு பேச்சு வரும், சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா ஆளுங்க இருக்காங்களாமேன்னு. உடனே ஒருத்தன் தொழுநோய் வந்த உள்ளூர் ஆள் பேரைச் சொல்ல எல்லாரும் சிரிக்கிறாங்க, ஏன்னா அவங்க ஊர்ல தொழுநோயை நாசூக்கா சொல்ற பேரு "வெள்ளைத் தோல்". பின்னாடி மொத்த ஊரையும் கவுக்கப்போற விஷயம் இங்க கள்ளு குடிக்கிற இடத்துல ஒரு வரி ஜோக்கா வந்து போகுது.

படிக்கும்போது யாம்னா சேனைக்கிழங்குன்னு நினைச்சுக்காதீங்க, இது கொடியில விளையிற வள்ளிக்கிழங்கு வகை, நம்ம பெருவள்ளிக்கு சொந்தம். அங்க அது வெறும் சாப்பாடு இல்ல, ஒருத்தன் மதிப்பே அவன் களஞ்சியத்துல எத்தனை யாம் இருக்குன்னுதான். ஒகொன்க்வோ முதல்முதலா கடன் வாங்கி நட்ட வருஷம் மழை பொய்ச்சு அப்புறம் கொட்டித் தீர்த்து எல்லாம் நாசமான பகுதியை நிதானமா படிங்க, அவன் ஏன் அப்படி இறுகிப்போனான்னு பாதி அங்கயே தெரிஞ்சுடும்.

படி 3: பென்சில் எடுத்து, ஊர் தன்னையே கேள்வி கேக்குற இடமெல்லாம் கோடு போடுங்க

இந்த வழிகாட்டியில ஒரே ஒரு படி செய்ய நேரம் இருந்தா இதைச் செய்யுங்க. என்னைப் பொறுத்தவரை அச்செபேவோட உண்மையான பதில் இங்கதான் இருக்கு. "எங்க ஜனங்க நல்லவங்க"ன்னு அவர் எங்கயும் சொல்லல. "எங்க ஜனங்க யோசிச்சாங்க, தங்களுக்குள்ள வாதாடுனாங்க, மாத்திக்கிட்டாங்க"ன்னு காட்டுறார். காலனிய எழுத்துல ஆப்பிரிக்க கிராமம்னா ஆயிரம் வருஷமா அசையாம கிடக்கிற ஒரு பொருள், யாரோ வெளியில இருந்து வந்து தட்டி எழுப்பணும். உமுவோஃபியா அப்படி இல்ல.

அமைதி வாரத்துல ஒகொன்க்வோ தன் பொண்டாட்டியை அடிச்சுடுறான். நிலத்து தேவதை ஆனியோட பூசாரி வந்து அபராதம் போடுறார், ஒரு பெட்டை ஆடு, ஒரு கோழி, ஒரு துண்டு துணி, நூறு சோழி (அங்க சோழிதான் காசு). அப்போ ஊர்ப் பெரியவர் எசெயுடு ஒரு விஷயம் சொல்வார், அந்தக் காலத்துல இந்தக் குத்தத்துக்கு ஆளை சாகுற வரைக்கும் தெருவுல இழுத்துக்கிட்டு போவாங்களாம், அமைதியைக் காப்பாத்தப் போட்ட தண்டனையே அமைதியைக் கெடுக்குதுன்னு அப்புறம் நிறுத்திட்டாங்களாம். பாருங்க, சட்டத்தோட நோக்கம் என்ன, விளைவு என்னன்னு எடை போட்டு சட்டத்தையே திருத்தியிருக்காங்க, எந்த கவர்னரும் சொல்லாம.

அடுத்து பத்தாவது அத்தியாயத்துல வர்ற எக்வுக்வு நீதிமன்றம். முன்னோர் ஆவிங்களா முகமூடி போட்டு ஒன்பது பேர் வந்து உட்கார்ந்து, பொண்டாட்டியை அடிச்சுக் கொடுமைப்படுத்துன உசோவுலு வழக்கை விசாரிக்கிறாங்க. ரெண்டு பக்கமும் கேட்டு, சாட்சி கேட்டு, தனியா போய் கலந்து பேசி தீர்ப்பு. கேரியோ கான்ராடோ எழுதியிருந்தா இது தாளமும் அலறலுமா முடிஞ்சிருக்கும். இங்க ஒரு அழகான வரி இருக்கு: ரெண்டாவது எக்வுக்வு நடக்கிற நடை ஒகொன்க்வோ நடை மாதிரியே இருக்குன்னு அவன் பொண்டாட்டிங்க கவனிச்சிருக்கலாம், ஆனா வெளிய சொல்லல. முகமூடிக்குள்ள யாருன்னு தெரிஞ்சும் அந்த முகமூடிக்கு மரியாதை குடுக்கத் தெரிஞ்ச ஜனங்க அவங்க. தீர்ப்பு முடிஞ்சதும் ஒரு பெரியவர் இவ்வளவு சின்ன விஷயம் ஏன் எக்வுக்வு வரைக்கும் வந்துச்சுன்னு கேப்பார், அதுக்கும் பக்கத்துல இருக்கிறவர் கிட்ட பதில் இருக்கும்.

அதிகமா கோடு விழப்போறது ஒபியரிகா பேசுற இடங்கள்ல. அவன்தான் ஒகொன்க்வோவோட நண்பன், அவன்தான் இந்த நாவலோட மனசாட்சி. ஒகொன்க்வோ வீட்டுல வளர்ந்த பையன் இகெமெஃபுனாவைக் கொல்லணும்னு குறி வாக்கு வந்தப்போ ஒபியரிகா கூடப் போகல. தெய்வம் சொன்னதை நான் எதிர்க்க மாட்டேன், ஆனா அதைச் செய்யிற கையா நான் இருக்க மாட்டேன்னு நிக்கிறான். அப்புறம் துப்பாக்கி வெடிச்சு தவறுதலா ஒரு பையன் செத்ததுக்கு ஒகொன்க்வோவை ஏழு வருஷம் ஊரை விட்டு அனுப்புறப்போ, தெரியாம நடந்ததுக்கு ஏன் இவ்வளவு பெரிய தண்டனைன்னு உட்கார்ந்து யோசிக்கிறான், யோசிக்க யோசிக்க தன் பொண்டாட்டி பெத்த இரட்டைக் குழந்தைங்களை காட்டுல விட்டுட்டு வந்தது ஞாபகம் வருது, அதுங்க என்ன குத்தம் பண்ணுச்சுன்னு. விடை கிடைக்கல. இந்த ஒரு பக்கம் "ஆதிவாசி மனம்"னு அந்தக் காலத்துல எழுதி வச்ச அத்தனையும் பொய்ன்னு காட்டப் போதும்.

படி 4: ஒகொன்க்வோதான் இக்போன்னு எண்ணிடாதீங்க

ரொம்ப பேர் செய்யிற தப்பு இது. ஒகொன்க்வோ அந்த சமூகத்தோட சராசரி ஆள் இல்ல, அதை விட இறுக்கமானவன். அவன் அப்பா உனோகா புல்லாங்குழல் வாசிச்சுக்கிட்டு கடனோட செத்தவர், அந்த அப்பா மாதிரி ஆயிடுவேனோங்கிற பயம்தான் இவன் வாழ்க்கை முழுக்க ஓட்டுது. இகெமெஃபுனா மூணு வருஷம் இவன் வீட்டுல வளர்ந்த பையன். எசெயுடுவே வந்து, அந்தப் பையன் உன்னை அப்பான்னு கூப்பிடுறான், அவன் சாவுல உன் கை படக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போறார். அப்படியும் போறான், அப்பான்னு அலறிக்கிட்டு ஓடி வந்தவனை வெட்டுறான், பலவீனமானவன்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு. ஊர் கேட்டது ஒண்ணு, இவன் செஞ்சது அதுக்கு மேல. அந்த வித்தியாசத்தை விட்டுட்டா, வன்முறைதான் அவங்க பண்பாடுன்னு நாவல் கடைசியில வர்ற பிரிட்டிஷ் கமிஷனர் நினைச்ச இடத்துக்கே நாமளும் போய் நிப்போம்.

அதே சமயம் ஊரோட குறைகளையும் அச்செபே ஒளிக்கல. இரட்டைக் குழந்தைங்களைக் காட்டுல போடுறது, ஓசுன்னு ஒரு கூட்டத்தைத் தீண்டாம ஒதுக்கி வைக்கிறது, பொண்டாட்டியை அடிக்கிறது எல்லாம் இருக்கு. ஒகொன்க்வோ மகன் ந்வோயே சர்ச்சுக்குப் போனது மூவொருமை கடவுள் புரிஞ்சு இல்ல, இருட்டுல உட்கார்ந்திருக்கிற சகோதரர்களைப் பத்தின ஒரு பாட்டு அவன் மனசுல ரொம்ப நாளா இருந்த கேள்வியைத் தொட்டுச்சு, காட்டுல அழுத குழந்தைங்க, கொல்லப்பட்ட இகெமெஃபுனா. ஊருக்குள்ள ஏற்கனவே விரிசல் இருந்துச்சு, வெள்ளைக்காரன் அந்த விரிசல் வழியா உள்ள வந்தான்னு நேர்மையா எழுதியிருக்கார். 1965ல எழுதுன "தி நாவலிஸ்ட் அஸ் டீச்சர்" கட்டுரையில தன் நோக்கத்தை அவரே சொல்றார், நம்ம கடந்தகாலம் குறைகளோடதான் இருந்துச்சு, ஆனா ஐரோப்பியன் வந்து மீட்குற வரைக்கும் நீண்ட ஒரே காட்டுமிராண்டி இரவா அது இல்லன்னு வாசகர்களுக்குப் புரிஞ்சாலே போதும்னு. குறைகளோடன்னு அவரே சொன்னதை விட்டுட்டு மேற்கோள் காட்டுறவங்க நிறைய, அதை விட்டா அது வேற கருத்து.

படி 5: மொழியைக் கவனிங்க

இங்கிலீஷ்ல எழுதியிருக்கார், ஆனா அந்த இங்கிலீஷ் லண்டன் இங்கிலீஷ் இல்ல. பழமொழி இல்லாம யாரும் பேசுறதில்ல, பழமொழிங்கிறது வார்த்தையைத் தொட்டுச் சாப்பிடுற பனை எண்ணெய்ன்னு முதல் அத்தியாயத்துலயே சொல்லிடுவார். சி (ஒருத்தனோட தனி தெய்வம்), ஓபி (வீட்டுத் தலைவனோட குடிசை), ஒக்பாஞ்சே (செத்துச் செத்துத் திரும்பப் பொறக்கிற குழந்தை) மாதிரி இக்போ சொல்லுங்களை அப்படியே விட்டிருக்கார், பல இடத்துல விளக்கம் பக்கத்து வரியில தானா வரும். அக்பாலாங்கிற ஒரே சொல் தெய்வத்தோட பேரு, பொம்பளைன்னு அர்த்தம், பட்டம் வாங்காத ஆம்பளையைத் திட்டுறதுக்கும் அதுதான், சின்ன வயசுல அப்பாவை அந்தச் சொல்லால ஒரு பையன் சொன்னது ஒகொன்க்வோவுக்கு ஆறவே இல்ல.

எதிர்க்கருத்தும் இருக்கு. 1962ல உகாண்டாவுல மகெரேரேயில ஆப்பிரிக்க எழுத்தாளர் மாநாடு நடந்தப்போ இருந்தே இந்த வாதம், எசமான் மொழியில எழுதி எசமானுக்கு எப்படி பதில் சொல்றதுன்னு. கென்யாவோட கூகி வா தியாங்கோ பின்னாடி கிகுயு மொழிக்கே மாறிட்டார். அச்செபே, இங்கிலீஷை என் அனுபவத்தைச் சுமக்குற மாதிரி வளைச்சுக்குவேன்னார். நான் அச்செபே பக்கம்தான், கேரியைப் படிச்ச அதே ஆளுங்க கையில இந்தப் பதில் போய்ச் சேரணும்னா அதே மொழியில இருக்கவேண்டியிருந்துச்சு.

படி 6: அபாமே வரும்போது நிஜ வரலாற்றைத் தொட்டுப் பாருங்க

பதினஞ்சாவது அத்தியாயத்துல ஒபியரிகா ஒரு செய்தி கொண்டு வர்றான். அபாமேங்கிற ஊருக்கு இரும்புக் குதிரையில, அதாவது சைக்கிள்ல, ஒரு வெள்ளைக்காரன் வந்தான், ஊர்க்காரங்க கொன்னுட்டாங்க, கொஞ்ச நாள் கழிச்சு சந்தை நாள்ல சுத்தி வளைச்சு மொத்த ஊரையும் சுட்டுட்டாங்க. இது கற்பனை மட்டும் இல்ல. 1905ல அஹியாரா பக்கத்துல டாக்டர் ஸ்டூவர்ட்ங்கிற பிரிட்டிஷ்காரர் கொல்லப்பட்டதுக்கு பழிவாங்குற ராணுவப் படையெடுப்பு நடந்துச்சு, அதோட நிழல்தான் இது. பீரங்கியும் துப்பாக்கியும் வச்சு ஊரை அடக்குனதுக்கு அரசாங்கக் காகிதத்துல வச்சிருந்த பேரு "அமைதிப்படுத்துதல்". அந்தச் சொல்லை நினைவுல வச்சுக்கங்க, கடைசிப் பக்கத்துல வரும்.

மூணாவது பாகம் வேகமா ஓடும், படிக்கும்போது சர்ச், கோர்ட், கடை மூணும் ஒண்ணா சேர்ந்து வர்றதை மட்டும் கவனிங்க. பிரவுன் பாதிரியார் உள்ளூர்ப் பெரியவர் அகுன்னா கூட உட்கார்ந்து கடவுளைப் பத்திப் பேசுற இடத்துல ரெண்டு பேரும் சமமா வாதாடுறாங்க, அகுன்னா ஒரு அடி கூடப் பின்வாங்கல. அடுத்து வர்ற ஸ்மித்துக்கு பேசவே விருப்பமில்ல. கமிஷனர் ஆறு தலைவர்களைப் பேச்சுக்குக் கூப்பிட்டு விலங்கு மாட்டி 200 மூட்டை சோழி அபராதம் போடுறார், கோர்ட் ஆளுங்க ஊருக்குப் போய் 250ன்னு சொல்லி மிச்சத்தை சுருட்டுறாங்க.

படி 7: கடைசிப் பத்தியை சத்தமா வாசிங்க

ஒகொன்க்வோ தூக்குல தொங்குறான். தற்கொலை நிலத்துக்கு எதிரான பாவம், சொந்த ஜனங்க உடம்பைத் தொடக்கூடாது, அதனால கமிஷனரோட ஆளுங்க கிட்ட இறக்கச் சொல்லி கேக்கவேண்டியிருக்கு. ஒபியரிகா கமிஷனர் பக்கம் திரும்பி, உமுவோஃபியாவோட பெரிய மனுஷன் இவன், நீ இவனைத் தற்கொலைக்குத் தள்ளிட்டன்னு சொல்ல ஆரம்பிக்கிறான், தொண்டை அடைச்சுடுது. கமிஷனர் நடந்துக்கிட்டே தான் எழுதப்போற புத்தகத்தை யோசிக்கிறார். இந்த ஆளைப் பத்தி ஒரு அத்தியாயம் எழுதலாம், இல்ல, ஒரு பத்தி போதும், தேவையில்லாததை வெட்டணும். தலைப்பும் முடிவாயிடுச்சு, கீழ் நைஜர் பகுதியோட நாகரிகமில்லாத குடிகளை அமைதிப்படுத்துதல்.

நாம இப்போதான் 25 அத்தியாயம் இந்த மனுஷன் கூட இருந்துட்டு வந்திருக்கோம். அவன் அப்பா, அவன் யாம், நடுராத்திரி பூசாரி தூக்கிட்டுப் போன மகளுக்காக குகை வாசல் வரைக்கும் திரும்பத் திரும்ப போய் வந்தது, எல்லாம் நமக்குத் தெரியும். அவ்வளவும் ஒரு பத்தியாகப் போகுது. கேரி, பாஸ்டன், அதிகாரிங்க எழுதுன ரிப்போர்ட்டுங்க எல்லாம் எப்படி உருவாச்சுன்னு கண்ணு முன்னாடி செஞ்சே காட்டிட்டார். இதுக்கப்புறம் அந்த மாதிரிப் புத்தகம் எதைத் தொட்டாலும், இந்தப் பத்திக்குப் பின்னாடி எத்தனை அத்தியாயம் இருந்திருக்கும்னு கை தானா நிக்கும், எனக்கு நிக்குது.

படி 8: இதோட நிறுத்தாதீங்க

1964ல வந்த "ஆரோ ஆஃப் காட்" படிங்க, அச்செபேவோட நாவல்கள்ல எனக்கு இதுதான் உச்சம். 1920கள்ல நடக்குது. இக்போ ஜனங்களுக்கு ராஜா கிடையாது, பட்டம் வாங்குனவங்களும் பெரியவங்களும் கூடிப் பேசித்தான் முடிவு, ஆனா பிரிட்டிஷ் நிர்வாகத்துக்கு பேச ஒரு தலைவன் வேணும், அதனால நியமனச் சீட்டு குடுத்து தலைவர்களை உண்டாக்குனாங்க. பூசாரி எசெயுலு அந்தப் பதவியை வேண்டாம்னு சொல்றதுல இருந்து கதை சிக்கலாகும். அதுல ஒரு இளம் அதிகாரி ஒரு புத்தகம் படிச்சுக்கிட்டு இருப்பான், எழுதுனவர் ஜார்ஜ் ஆலன், தலைப்பு அதே "அமைதிப்படுத்துதல்". கமிஷனர் எழுதி முடிச்சுட்டார், அது இப்போ புது அதிகாரிங்களுக்குப் பாடப்புத்தகம்!

கான்ராடுக்கான நேரடி பதில் 1975 பிப்ரவரியில ஆம்ஹர்ஸ்ட்ல மாசசூசெட்ஸ் யுனிவர்சிட்டியில பேசுன உரை, "ஆன் இமேஜ் ஆஃப் ஆப்பிரிக்கா". கான்ராடை இனவெறியர்னே சொன்னார், கடுமையான வார்த்தைதான், இன்னிக்கு வரைக்கும் சண்டை ஓடுது. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் படிச்சுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.

பொம்பளைங்க விஷயத்துல அச்செபே மேல வச்ச குறை நியாயமானதுன்னு நினைக்கிறேன், உமுவோஃபியா பொண்ணுங்க நாவல்ல பெரும்பாலும் அடுப்பங்கரைப் பக்கமே நிக்கிறாங்க. அதை நிரப்புனவங்க அடுத்து வந்த இக்போ பெண் எழுத்தாளர்கள். ஃபுளோரா ந்வாபா 1966ல "எஃபுரு" எழுதினாங்க, அச்செபே ஆசிரியரா இருந்த ஆப்பிரிக்கன் ரைட்டர்ஸ் சீரிஸ்லதான் வந்துச்சு. புச்சி எமெச்செட்டாவோட "தி ஜாய்ஸ் ஆஃப் மதர்ஹுட்" 1979.

கடைசியா சிமமண்டா அடிச்சியோட "தி ஹெட்ஸ்ட்ராங் ஹிஸ்டோரியன்" சிறுகதை, 2008. ந்வம்பாங்கிற ஒரு பொம்பளையோட பேத்தி கிரேஸ் ஸ்கூல் புத்தகத்துல அந்த "அமைதிப்படுத்துதல்" அத்தியாயத்தைப் படிக்கிறா, காட்டுமிராண்டிங்கன்னு எழுதியிருக்கிறது யாரைன்னு அவளுக்கு முதல்ல புரியல, அப்புறம் பாட்டியோட நினைவு வருது. வளர்ந்து வரலாறு படிச்சு, குண்டால அமைதிப்படுத்துன கதையை அவளே ஒரு புத்தகமா எழுதுறா. பிறகு லாகோஸ்ல கோர்ட்டுக்குப் போய் கிரேஸ்ங்கிற பேரை மாத்தி, பாட்டி வச்ச பேரையே பதிவு பண்ணிக்கிறா. அஃபாமெஃபுனா. என் பேரு தொலைஞ்சு போகாதுன்னு அர்த்தம்.